பெருமிதமும் செருக்கும்: ஒரு சொற்பொருள் ஆராய்ச்சி

முன்னுரை

ஒரு பொருள் குறித்த பல சொல் என்பது தமிழிலக்கண நூலார் கண்ட பழைய வகை. எனினும் ஒரு பொருள் குறித்தன எனப்படும் சொற்கள் எல்லாவிடத்தும் ஒன்றற்கு ஒன்று மாற்றாக நிற்க வல்லன அல்ல. பொருட்பெயர்களில் இவ்வேறுபாடு பெரிதும் இடர் விளைப்பதில்லை. ‘வேழம்’ என்றாலும் ‘களிறு’ என்றாலும் நம் மனக்கண்முன் யானையே வந்து நிற்கிறது. உள்ளத்தின் நிலையையும் பிறர்பால் ஒருவன் கொள்ளும் மனப்பாங்கையும் உணர்த்தும் சொற்களிலோ நிலை வேறு. அங்கே ஒரு சொல்லின் இடத்தில் அதனோடு ஒத்த பிறிதொரு சொல்லை வைத்தால், பாராட்டப்பட்டவன் பழிக்கப்பட்டவன் ஆகிவிடுவான்.

இவ்வகைச் சொற்களுள் பெருமிதம், செருக்கு என்னும் இரண்டனை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்விரண்டற்கும் இன்று வகுப்பறைகளில் கூறப்படும் வேறுபாடு மிக எளியது. பெருமிதம் நற்குணம், செருக்கு தீக்குணம் என்பதே அது. மாணவர் இதனை மனத்திற் கொண்டு பழைய நூல்களுள் நுழைகின்றனர். நுழைந்தவுடன் இடர்ப்படுகின்றனர். திருக்குறளில் செருக்கு பாராட்டப்படும் இடங்கள் உள. பெருமிதம் சிறுமையோடு சேர்த்துக் கடியப்படும் இடமும் உண்டு. ஆகவே, நாம் கற்பிக்கும் வேறுபாடு வள்ளுவர் கருதிய வேறுபாடு தானா என்ற வினா எழுகிறது. அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் காட்டும் நெறி

பொருளால் ஒத்த சொற்களைப் பாங்கு நோக்கிப் பிரித்துக் காணும் முறை தமிழில் மிகப் பழையது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்பொருளில் வரும் சொற்கள். இவை குறிக்கும் செயல் ஒன்றே. ஆயினும் இழிந்தோன் கேட்கும்பொழுது ‘ஈ’ என்றும், ஒத்தோன் கேட்கும்பொழுது ‘தா’ என்றும், உயர்ந்தோன் கேட்கும்பொழுது ‘கொடு’ என்றும் வழங்குதல் மரபு என எச்சவியல் வரையறுக்கிறது. பொருள் கைம்மாறுகின்ற செயலில் வேறுபாடு இல்லை; கேட்போனுக்கும் கேட்கப்படுவோனுக்கும் இடையிலுள்ள உறவிலேதான் வேறுபாடு உள்ளது. சொல்லின் பொருள் வேறு, சொல்லோடு வரும் பாங்கு வேறு என்பதைத் தொல்காப்பியர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்கு இஃது ஒன்றே சாலும்.

உரியியலில் இந்நெறி மேலும் விரிகிறது. அழுங்கல் என்பது அங்கு ஆரவாரத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பின் அதுவே இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் எனப்படுகிறது. இரங்கல் என்பது ஒலியைக் குறிக்கும் சொல்லாகவும், கழிந்த பொருளை எண்ணி வருந்துதலைக் குறிக்கும் சொல்லாகவும் கூறப்படுகிறது. செவிக்குக் கேட்கும் ஓசை ஒருபுறம். அவ்வோசைக்குக் காரணமான உள்ளநிலை மற்றொருபுறம். ஒரே சொல் இரண்டனையும் சுமக்கிறது. இவற்றுள் எதனைக் கொள்வது? உரிச்சொல்லை அதற்கு முன்னும் பின்னும் வரும் சொற்களை நாடி, பொருந்திய மொழியோடு புணர்த்து உணர்த்துக என்பது ஆசிரியர் கூறும் வழி. இவ்வழியையே யாம் இக்கட்டுரையில் அளவுகோலாகக் கொள்கின்றோம். பெருமிதம், செருக்கு என்னும் சொற்களைத் தனியே நிறுத்தி நன்று, தீது என்று தீர்ப்புக் கூறாமல், அவை எச்சொற்களோடு கூடி வருகின்றன என்று நோக்குவோம்.

மெய்ப்பாட்டியலில் பெருமிதம்

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதமும் ஒன்று. வடமொழி நாடக நூலாகிய பரதரின் நாட்டிய சாத்திரம் எண்ணும் சுவைகள் எட்டனுள் வீரம் நிற்கும் இடத்தில், தமிழ் நூல் பெருமிதத்தை வைத்துள்ளது. போர்க்களத்தோடு பெரிதும் இணைந்த சொல்லை விடுத்து, அதனினும் அகன்ற ஒரு சொல்லை ஆசிரியர் தேர்ந்தமை அச்சொல்லின் நிலைக்களன்களால் விளங்கும். கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்னும் நான்கு பற்றிப் பெருமிதம் பிறக்கும் என்பது தொல்காப்பியம். நான்கனுள் தறுகண்மை ஒன்றே போரோடு நேரே தொடர்புடையது. கல்வி முதற்கண் வைக்கப்பட்டுள்ளது.

இந்நான்கனுள் செல்வம் இல்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் செல்வத்தை மறந்தார் அல்லர். அதனை உவகையின் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக வைத்தார். பொருளுடைமை மகிழ்ச்சி தரும். ஆயின் அது தானே ஒருவனைப் பெருமிதமுடையவன் ஆக்காது. அப்பொருளைக் கொடுக்குங்கால் பெருமிதம் பிறக்கும். உடைமையை உவகையிலும் கொடையைப் பெருமிதத்திலும் வைத்த இப்பாகுபாடு, பின்னர்க் குறளை ஆராயும்பொழுது நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

பெருமிதம் என்னும் சொல்லுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் ஆழமானது. எல்லாரோடும் ஒப்ப நில்லாமல் பேரெல்லையில் நிற்றலே பெருமிதம் என்பது அவர் கருத்து. ‘மிதம்’ என்ற பகுதியை அளவு அல்லது எல்லை எனக் கொண்டு அவர் இவ்விளக்கத்தை அமைத்தார் எனலாம். புகழ் என்பதனை அவர் விளக்கும் முறையும் கருதத்தக்கது. இன்பமும் பொருளும் மிகப் பயக்குமாயினும் பழியோடு வருவனவற்றைச் செய்யாமையே ஈண்டுப் புகழ் எனப்பட்டது என்பர். பெருமிதம் என்பது நிற்கும் நிலை. அந்நிலையின் உயரம் பிறருடைய நிலையோடு ஒப்பிட்டு அளக்கப்படுவது.

மெய்ப்பாடு என்பதோ உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதல். கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணர வல்லார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும் என அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் கூறுகிறார். ஆகவே பெருமிதத்தைக் காண்பவன் வேறு, அதனை உடையவன் வேறு. இதே இயலில் எட்டு மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாக எண்ணப்படும் வேறொரு வரிசையில் ‘மிகை’ என ஒன்று வருகிறது. பிறரை நன்கு மதியாமை என அதற்கு உரை கொள்வர். பிறரினும் உயர்ந்து நிற்றலாகிய பெருமிதத்தையும், பிறரைத் தாழ்த்தி எண்ணுதலாகிய மிகையையும் ஒன்றாக்காமல் வேறு வேறு வரிசையில் வைத்தமை தொல்காப்பியரின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும்.

குறளில் செருக்கு

இனித் திருக்குறளுக்கு வருவோம். செருக்கு என்னும் சொல் குறளில் பல இடங்களில் பயில்கின்றது. அவற்றுள் 180, 201, 346, 598, 613, 844, 860, 1193 ஆகிய எட்டுக் குறள்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வெட்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 346 ஒழிந்த ஏழிலும் செருக்கு என்ற சொல் குறளின் இறுதிச் சீராக நிற்கிறது. எட்டிலும் அதற்கு முன் ‘என்னும்’ என்ற சொல் நிற்கிறது. இஃது யாப்பு நோக்கி அமைந்த வாய்பாடு என்று மட்டும் கருதி விடுவதற்கில்லை. எத்தகைய செருக்கு என்பதை ‘என்னும்’ என்பதற்கு முன்வரும் சொல்லே அறுதியிடுகிறது.

எட்டனையும் வகைப்படுத்துவோம். பிறர் பொருளை விரும்பாமை (180), யாம் வண்மையுடையோம் என்னும் எண்ணம் (598), பிறர்க்கு உதவுதல் (613), நல்ல நயம் (860), காதலரால் விரும்பப்பட்டவள் இனி வாழ்வோம் என்று கொள்ளும் உறுதி (1193) ஆகிய ஐந்தும் நற்பாங்கின. தீவினை (201), யான் எனது என்னும் பற்று (346), தம்மைத் தாமே அறிவுடையோம் என்று எண்ணுதல் (844) ஆகிய மூன்றும் தீப்பாங்கின. எட்டனுள் ஐந்து நல்லன என்றால், செருக்கு தன்னியல்பில் தீச்சொல் என்ற கொள்கை நிலைபெறாது.

இனி மற்றொன்று. 346ஆம் குறளில் யான், எனது என்பன வருகின்றன. 598இல் வள்ளியம், 844இல் உடையம், 1193இல் வாழுநம் என்பன வருகின்றன. இவை தன்மை இடத்துச் சொற்கள். ஒருவர் தம்மைப் பற்றித் தமக்குள்ளே கூறிக்கொள்ளும் கூற்றுகள். நான்கு இடங்களில் வள்ளுவர் செருக்கினை அதனை உடையவரின் வாய்மொழியாகவே காட்டுகிறார். அவ்வாய்மொழி நன்றாயின் செருக்கு நன்று. தீதாயின் செருக்கு தீது. வள்ளன்மையுடையேம் என்று தன்னுள் எண்ணி மகிழ்தல் ஊக்கமுடையார்க்கே வாய்க்கும் என்கிறது 598. அறிவுடையேம் என்று தன்னுள் எண்ணி மகிழ்தலே அறிவின்மை என்கிறது 844. எண்ணும் முறை ஒன்றே. எண்ணப்படும் பொருள் வேறு.

எஞ்சிய இடங்களும் இதற்கு மாறல்ல. 759ஆம் குறள் பகைவரின் செருக்கினை அறுக்கும் படைக்கலம் பொருளே என்கிறது. 878ஆம் குறள் ஒருவன் தன்னை வலிமையாக்கிக் காத்துக்கொண்டால் பகைவரிடத்துள்ள செருக்கு தானே மாயும் என்கிறது. இவ்விரண்டிலும் பகைவரின் செருக்கு அவர்களுடைய உள்ளத்தெழுந்த களிப்பு. இவன் வலியற்றவன் என்று அவர்கள் எண்ணியதனால் அது பிறந்தது. அவ்வெண்ணம் பொய்த்தவுடன் அழிகின்றது.

எனவே செருக்கு என்பது உள்ளத்தின் உள்ளே நிகழும் ஒரு பொங்கல். களிப்பு, மதம், மயக்கம் என்னும் சொற்களோடு அதற்கு உள்ள உறவும் இதனையே வலியுறுத்தும். களி என்பது கள்ளுண்டவனையும் குறிக்கும். மகிழ் என்பது பழைய வழக்கில் கள்ளின் பெயராகவும் வரும். மதம் யானையின் மதநீரையும் குறிக்கும். உள்ளிருந்து ஊறி மேலெழுவதே இச்சொற்கள் யாவற்றுக்கும் பொதுவாகும்.

குறளில் பெருமிதம்

பெருமிதம் என்னும் சொல்லைக் குறளில் 431, 979 ஆகிய இடங்களில் காண்கின்றோம். குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தின் முதற் குறளாகிய 431, செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதாருடைய பெருக்கம் பெருமிதத் தன்மையுடையது என்கிறது. பெருமை என்னும் அதிகாரத்தில் வரும் 979, பெருமிதம் இல்லாமையே பெருமை என்றும், பெருமிதத்தின்மேல் ஊர்ந்து செல்லுதல் சிறுமை என்றும் கூறுகிறது. முன்னதில் பெருமிதம் குற்றமற்றாரின் விளக்கம். பின்னதில் பெரியோரிடத்து இல்லாத குற்றம். ஒரு நூலுள் ஒரே சொல் இவ்வாறு முரணுதல் பொருந்துமா?

முரண் இல்லை என்பதே எம் துணிபு. 431ஆம் குறளில் பெருமிதம் எதன் தன்மையாகக் கூறப்படுகிறது என்று நோக்குதல் வேண்டும். அவர்தம் உள்ளத்தின் தன்மையாகக் கூறப்படவில்லை. அவருடைய பெருக்கத்தின் தன்மையாகக் கூறப்படுகிறது. பெருக்கம் பிறர் கண்ணுக்குப் புலனாவது. செல்வம் தானே பெருமிதம் தருவதன்று என்று தொல்காப்பியத்தில் கண்டோம். அச்செல்வமும் பெருமிதமாகக் காட்சியளிக்க வேண்டுமாயின், உடையவனிடத்துச் செருக்கு இருத்தலாகாது என்கிறார் வள்ளுவர். உள்ளே செருக்கு இல்லையாயின் வெளியே பெருமிதம் தோன்றும். இரு சொற்களும் ஒரே குறளில் எதிரெதிராக நின்று தத்தம் இடத்தைக் காட்டிவிடுகின்றன.

979ஆம் குறளிலோ பெருமிதம் பிறர் காண்பதாக நிற்கவில்லை. உடையவன் அதன்மேல் தானே ஏறி ஊர்கின்றான். ஊர்தல் என்னும் வினை, ஊர்தியும் அதன்மேல் அமர்ந்தவனும் என்ற காட்சியைத் தருகிறது. பிறர் அளந்து காணவேண்டிய உயரத்தைத் தானே அளந்து, அதன்மேல் அமர்ந்தும் விட்டான். இதற்கு முன் நிற்கும் 978ஆம் குறள் இவ்விளக்கத்திற்கு அரண் செய்கிறது. பெருமை என்றும் பணியும். சிறுமையோ தன்னை வியந்து தானே அணிந்துகொள்ளும் என்பது அதன் கருத்து. தன்னை வியத்தல் என்னும் இக்கருத்து, 431 நின்ற குற்றங்கடிதல் அதிகாரத்திலும் 439ஆம் குறளில் விலக்கப்படுகிறது. ஆக, பெருமிதம் வரும் இரண்டு அதிகாரங்களிலும் தன்னை வியத்தல் கடியப்பட்டுள்ளது. வியப்பு பிறர்பாற் செல்லவேண்டியது. அது தன்பால் திரும்பும்பொழுது குற்றமாகிறது. அதுபோலவே பெருமிதமும் பிறர் காணவேண்டியது. அதனை உடையவனே கண்டு களிக்கும்பொழுது சிறுமையாகிறது.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? பெருமிதத்துக்கும் செருக்குக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு நன்மை தீமை பற்றியதன்று, இடம் பற்றியது. பெருமிதம் புறத்தார் காணும் உயர்வு. செருக்கு அகத்தார் உணரும் எழுச்சி. நன்மையும் தீமையும் இவ்விரண்டோடும் பின்னர் வந்து சேர்வன.

உரைகாரர் பணி

பரிமேலழகர் இச்சொற்களுக்கு எழுதிய பொருளை ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது. 201, 346, 844 ஆகிய மூன்று தீப்பாங்கு இடங்களிலும் செருக்கு என்பதற்கு அவர் மயக்கம் எனப் பொருள் கொள்கிறார். 431இல் மதம் என்கிறார். 759இல் தருக்கு என்கிறார். 180இல் செல்வம் என்றும், 613இல் மேம்பாடு என்றும் உரை வரைகிறார். ஒரு சொல்லுக்கு இத்துணைப் பொருளா எனச் சிலர் குறை கூறக்கூடும். ஆயின் முன்னும் பின்னும் வருவன நாடிப் பொருள் உணர்த்துக என்ற தொல்காப்பிய நெறியை அவர் போற்றிய முறை இது.

இனிப் பெருமிதத்திற்கு வருவோம். 431இல் அதற்கு மேம்பாடு என்றும், 979இல் தருக்கு என்றும் அவர் பொருள் கொள்கிறார். செருக்கிற்கு 613இலும் 759இலும் அவர் தந்த அதே இரண்டு சொற்கள் இவை. நற்பாங்கில் இரண்டும் மேம்பாடு. தீப்பாங்கில் இரண்டும் தருக்கு. நன்மை தீமையை அளவாகக் கொண்டால் பெருமிதமும் செருக்கும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும் என்பதை அவ்வுரையே நமக்குக் காட்டுகிறது. அவர் பொருள் கூறியது தனித்தனிக் குறளுக்கு. இரு சொற்களையும் ஒப்பிட்டு வேறுபடுத்துதல் அவர் மேற்கொண்ட பணியன்று. அப்பணி நம்முடையது.

மானம் என்னும் சொல்லில் அவர் அத்தகைய வேறுபாட்டையும் செய்துள்ளார். 432ஆம் குறளில் மாண்பு நீங்கிய மானம் அரசற்குக் குற்றம் எனப்படுகிறது. 97ஆம் அதிகாரமோ மானத்தைப் போற்றுகிறது. நல்ல மானத்தினின்று பிரித்தற்பொருட்டே அடைமொழி தரப்பட்டது என்பது அவர் விளக்கம். தனிச்சொல் போதாதவிடத்து அடைமொழியால் பாங்கினை வரையறுத்தல் வள்ளுவர் கையாண்ட முறை என்பது இதனாலும் தெளிவாம்.

நிகண்டும் அகராதியும்

இத்துணை நுட்பம் இடைக்காலத்தில் மங்கியதற்குக் காரணம் என்ன? நிகண்டுகளின் அமைப்பே ஒரு காரணம். திவாகரமும் அதன்வழி வந்த நிகண்டுகளும் தெய்வப்பெயர் முதலாகச் சொற்களைத் தொகுதிகளாக வகுத்தன. பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர் எனத் தனித் தொகுதிகளும் திவாகரத்தில் உண்டு. மாணவர் மனப்பாடம் செய்தற்குப் பாவால் இயன்ற நூல்கள் அவை. ஒரு பொருளுக்குரிய பெயர்களை நிரல்பட அடுக்குவதே அவற்றின் பணி. நிரலில் நிற்கும் சொற்கள் தம்முள் எவ்வாறு வேறுபடும் என்று கூற அங்கு இடமில்லை. செய்யுள் இயற்றுவோர்க்கு அவை அளித்த உதவி பெரிது. செய்யுளைப் படித்துணர்வோர்க்கு அவ்வுதவி குறைவு.

வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி சொற்களை அகர வரிசையில் வைத்துப் புதுவழி காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் இணைப்பும் வந்தது. பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து நூல் மேற்கோளும் காட்டிய அப்பேரகராதியால் தமிழுலகம் பெற்ற பயன் அளவிடற்கரியது. பின்னர் 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால வழக்குக்கு எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்தது. எனினும் மனப்பாங்குச் சொற்களை இணையிணையாக நிறுத்தி, இன்ன இடத்தில் இது பொருந்தும், இது பொருந்தாது என்று காட்டும் வரலாற்று முறை அகராதி நமக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அத்தேவைக்குச் சான்றாக இறுமாப்பு என்னும் சொல்லைக் கூறலாம். இன்றைய வழக்கில் இது முழுதும் இழிவுப் பொருளது. ஆயின் 7ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் தம் திருவங்கமாலையில், இறைவனின் கணங்களுள் ஒருவராக எண்ணப்பட்டு அவன் சேவடிக்கீழ்த் தாம் இறுமாந்திருத்தலை விழைகின்றார். இக்காலப் பொருளை அங்கே ஏற்றினால், அடியவர் ஆணவத்தை வேண்டினார் என்றாகும். அடிக்கீழ் இருக்கின்றோம் என்ற உணர்வினால் உள்ளம் நிமிர்தலையே அவர் கருதினார். எதன்கீழ் இருந்து நிமிர்கின்றார் என்பதனைக் கொண்டே அந்நிமிர்வின் தன்மையை அறிகின்றோம். குறளில் செருக்கிற்கு ‘என்னும்’ ஆற்றிய பணியை இங்குச் ‘சேவடிக்கீழ்’ என்பது ஆற்றுகிறது.

முடிவுரை

மேற்கூறிய ஆராய்ச்சியால் பெறப்படுவன இவை. பெருமிதம் என்பது தொல்காப்பியர் காலம் முதலே பிறர் கண்டு உணரும் நிலையாக விளங்கியது. செருக்கு என்பது உள்ளத்தின் எழுச்சியாகும். அது நற்பொருளைப் பற்றி எழுந்தால் நன்று, தீப்பொருளைப் பற்றி எழுந்தால் தீது. பெருமிதத்தை உடையவனே தனக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும்பொழுது அது தருக்காகத் திரிகின்றது. நன்மை தீமை என்னும் இன்றைய பாகுபாடு பிற்கால வழக்கின் விளைவு. அதனைப் பழைய நூல்களின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரிய நுணுக்கமன்று. செருக்கு என்றாலே தீது என்று கற்ற மாணவன், பிறர் பொருளை வேண்டாமையால் வரும் நிமிர்வையும் ஐயத்தோடு நோக்குவான். உழைத்துப் பெற்ற பொருளால் பிறர்க்கு உதவுகின்றவன் தன்னுள் கொள்ளும் மகிழ்ச்சியையும் குற்றமென எண்ணுவான். பெருமிதம் என்றாலே நன்று என்று கற்றவனோ, தன் உயர்வைத் தானே பறைசாற்றுதலையும் பெருமிதம் என்று பெயரிட்டு அமைதி கொள்வான். வள்ளுவர் முன்னவனைத் தேற்றுகிறார், பின்னவனைத் திருத்துகிறார். இரண்டனையும் நம் மாணவர் அறிதல் வேண்டுமாயின், சொற்பொருள் கூறும்பொழுது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதிப்போகும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். சொல்லை அது நிற்கும் தொடரோடு காட்டுவோம். அதற்கு முன் நிற்பது யாது, பின் நிற்பது யாது என்று வினவுமாறு மாணவரைப் பழக்குவோம். எள்ளல், இகழ்ச்சி, ஏளனம் முதலிய பிற மனப்பாங்குச் சொற்களையும் இம்முறையில் ஆராய்வார் உளராயின், தமிழ்ச் சொற்பொருள் வரலாறு பெரிதும் விளக்கம் பெறும்.